சாகாவரம் வளர்த்த முதலை

வீடியோ கேம் செய்கிறவர்கள் உலகத்தில் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் சரி, திரைக்குள்ளே ஒரு கொசுவைக்கூடக் கொல்லாமல் அந்தத் தொழிலை நடத்தியவன் ஒருவன்தான். அவனோடு ஸ்ரீரங்கத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அவன் சாகாவரம். அவசரத்துக்கு 'சாகா'. ஒரு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்துக்கு நடுவே "சாகா! டேய் சாகா!" என்று நான் கத்த, பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நல்ல வார்த்தை சொல்லும்மா" என்று கண்டித்தார்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். பாலக்கரை ஃபாரூக்தான் முதலாளி, மேனேஜர், விளம்பர அதிகாரி எல்லாம். விசிட்டிங் கார்டு அவனிடம் மட்டும்தான் இருந்தது. படம் வரைவது நான். ஜீயபுரத்து வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையான சாகா, நான் வரைந்த படங்களுக்குப் புத்தி கொடுக்கிறவன். அதாவது, ஒரு நாயை நான் வரைந்தால், அது எப்போது குரைக்கும், யாரைத் துரத்தும், எப்போது சலித்துப்போய் நிற்கும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருவது அவன் வேலை. மூவரும் திருச்சியில் ஒரே சாஃப்ட்வேர் ஆபீஸில் இருந்தோம். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு ஒரே மாதத்தில் ராஜினாமா செய்தோம். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, எங்கள் முதல் கேமை ஆரம்பித்தோம்.

கேமின் பெயர் 'ராசாத்தி பரிசல்'. ராசாத்தி என்கிற பெண் கொள்ளிடத்தில் பரிசல் ஓட்டுகிறாள். வாழைத்தார், ஆட்டுக்குட்டி, தையல் மிஷின், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்ட கல்யாண மாப்பிள்ளை என்று எதை ஏற்றினாலும் பத்திரமாக அக்கரை சேர்க்க வேண்டும். வழியில் காற்று உண்டு, சுழல் உண்டு, பாறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முதலை உண்டு. கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள்தான் குறைவு.

முதலைக்கு முன்னால் நாய். முதல் லெவலில் ராசாத்தி வீட்டிலிருந்து ஆற்றுத் துறைக்கு நடந்து வரும்போது ஒரு தெருநாய் துரத்த வேண்டும் என்பது ஃபாரூக் போட்ட திட்டம். நான் மெனக்கெட்டு, பார்த்தாலே தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ளத் தோன்றுகிற மாதிரி ஒரு நாயை வரைந்து கொடுத்தேன். சாகா அதற்குப் புத்தி கொடுத்தான். ஓடவிட்டுப் பார்த்தோம். நாய் ஆவேசமாகக் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. ராசாத்தியின் காலை முகர்ந்தது. வாலை ஆட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

"டேய், கடிக்கச் சொல்லுடா" என்றான் ஃபாரூக்.

"கடிக்காதுங்க பாய். தினம் பாக்கிற பொண்ணு. மோந்து பாத்துட்டு விட்டுடும்."

சாகா யாரிடமும் 'ங்க' போடாமல் பேச மாட்டான். ஃபாரூக்கைவிட அவன்தான் மூத்தவன், இருந்தாலும் 'வாங்க பாய், போங்க பாய்'தான்.

"விளையாடறவனுக்குப் பயம் வர வேணாமாடா?"

"வந்துச்சே. அது குரைச்சப்ப நீங்களே காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சீங்க, நான் பாத்தேன்."

ஃபாரூக் குனிந்து பார்த்தான். கால் நாற்காலியின் மேல்தான் இருந்தது.

அடுத்து ஆறு. பரிசல் கவிழ்ந்தால் ராசாத்தி மூழ்கிவிட வேண்டும், ஆட்டம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உலகத்துக் கேம்களின் வழக்கம் அது. எங்கள் கேமில் பரிசல் கவிழ்ந்தது, ராசாத்தி தண்ணீருக்குள் போனாள், கொஞ்ச நேரத்தில் தலையைச் சிலுப்பிக்கொண்டு மேலே வந்து நீந்திக் கரையேறினாள். "ஆத்தங்கரைப் பொண்ணுங்க. நீச்சல் தெரியாம இருக்குமா?" என்றான் சாகா. சுழலில் சிக்கினால்? சுழல் அவளை ராட்டினம் மாதிரி நன்றாகச் சுற்றிவிட்டு, கூந்தல் கலைந்தது தவிர வேறு சேதமில்லாமல் கரையில் இறக்கிவிட்டுப் போயிற்று. 'ஆட்டம் முடிந்தது' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகையை நான் வரைந்து வைத்திருந்தேன். அது வர வேண்டிய இடத்தில் சாகா தன் கைப்பட வேறு ஒன்றைப் போட்டிருந்தான்: 'கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோங்க'.

அதைப் பார்த்த அன்றுதான் ஃபாரூக் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினான். "உன்கிட்ட வந்தா எமனே வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான்டா. நீ மனுஷனே இல்ல. நீ சாகாவரம்!" பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலையை நான் வரைந்தபோது சாகா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தான். "கண்ணைக் கொஞ்சம் சின்னது பண்ணுங்க தீபா, மத்தியானம் தூங்கி எழுந்த மாதிரி." பண்ணினேன். "அந்த வயித்துப் பக்கம் கொஞ்சம் தொங்கட்டுமே." தொங்கவிட்டேன். இப்படியே போய்க் கடைசியில் அந்த முதலைக்கு ரிட்டையர் ஆன தாசில்தார் மாதிரி ஒரு முகம் வந்துவிட்டது. ஒரு நாள் ஃபாரூக் உள்ளே நுழைந்தபடியே, "முதலை எந்த நிலைமையில இருக்கு?" என்று கேட்டான்.

"மாணிக்கமா? அவரு இப்ப வெயில்ல படுத்திருக்காருங்க."

முதலைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் மட்டுமா, மரியாதையும் கொடுத்தாகிவிட்டது. இனி அது எங்கே யாரைக் கடிக்கப் போகிறது?

பயந்தது சரியாயிற்று. ஓடவிட்டோம். ராசாத்தியின் பரிசல் பாறைக்கு அருகே வந்ததும் மாணிக்கம் மெல்லத் தலையைத் தூக்கி, கோபுர வாசல் மாதிரி வாயைத் திறந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சுடா!" என்று ஃபாரூக் எழுந்தே விட்டான். வாய் மூடிக்கொண்டது. பரிசல் போய்விட்டது.

"என்னடா ஆச்சு?"

"கொட்டாவிங்க."

அடுத்த முறை வாயைத் திறந்த மாணிக்கம், அதை மூடிவிட்டுக் கன்னத்தைப் பாறையில் வைத்துத் தேய்த்துக்கொண்டது. இதற்கு என்ன காரணம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவனே சொன்னான். "பல் வலிங்க."

அவன் ஏதோ சுத்த சைவம், அதனால்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியானமானால் ஃபாரூக்கோடு காவிரிப் பாலம் தாண்டிப் போய், பொரித்த மீனைத் தலைமுதல் வால்வரை முள் மட்டும் மிச்சமிருக்கச் சாப்பிட்டுவிட்டு வருவான். "நிஜ மீனை இந்தப் போடு போடறே, பொம்மை முதலைக்கு இவ்வளவு பாக்கிறியே?" என்று ஒரு நாள் கேட்டேன். விரலைத் துடைத்துக்கொண்டே யோசித்துப் பதில் சொன்னான். "அந்த மீனை நான் செய்யலைங்க. யாரோ செஞ்சது. மாணிக்கத்தை நாமதானே செஞ்சோம்? அவருக்கு ஒரு கெட்ட பேரு வந்தா நம்மளத்தானே கேப்பாங்க?"

இந்த முதலையால் எங்களுக்கு ஒரே ஒரு லாபம், வீட்டு உரிமையாளர் மாமாவின் அபிமானம். கோயில் கைங்கரியக் குடும்பம். மாடியில் என்ன செய்கிறோம் என்று ஆரம்பத்தில் அவருக்குச் சந்தேகம். "முதலையை வெச்சு ஒரு விளையாட்டுங்க மாமா" என்று சாகா சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. யானையின் காலைக் கவ்விய முதலையும், யானை கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த பெருமாளும் அவர் கண்முன்னே வந்துவிட்டார்கள். "பேஷ்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்படியொரு பகவத் சிந்தனையா! பெருமாள் எப்போ எழுந்தருள்றார்?"

"இன்னும் முதலையே முடியலைங்க மாமா" என்றான் சாகா, பொய் சொல்லாமல்.

அதன் பிறகு ஏகாதசி தவறினாலும் மாமாவின் விசாரிப்பு தவறாது. மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "யானை வந்துடுத்தா?" என்பார். இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் சாகாவே, சித்திரம் என்றால் என்னவென்று அறியாத கையால், அக்கரையில் ஒரு யானையை வரைந்து நிறுத்திவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது. மாமா லேப்டாப்பின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "நான் நல்லதா வரைஞ்சு தரேன்டா" என்று பிறகு சொன்னேன். "வேணாங்க. மாமா கும்பிட்டது இதைத்தான்" என்று மறுத்துவிட்டான். அந்தத் தண்ணீர்த் தொட்டி இன்றும் எங்கள் கேமில் நிற்கிறது.

சிரித்தபடியே போய்க்கொண்டிருந்த கதையில் ஃபாரூக்கின் அத்தா வந்தார். பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர். அதிகம் பேச மாட்டார். மகனுக்குத் துபாயில் அவருடைய மச்சான் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். பெங்களூரில் நடக்கவிருந்த கேம் கண்காட்சிவரை பொறுக்கும்படி ஃபாரூக் அத்தாவிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தான். அங்கே எங்கள் கேமை ஏதாவது ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டால் இவன் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் விமானம். இந்த ஒப்பந்தம் எனக்கும் சாகாவுக்கும் அதுவரை தெரியாது.

அத்தா மாடியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் பாறைமேல் கிடந்த மாணிக்கத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இது என்னப்பா பண்ணும்?"

"கொட்டாவி விடும் அத்தா."

அத்தா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். மாணிக்கம் கொட்டாவி விட்டது. நான் கொடுத்த டீயைக் குடித்தார். எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து சாகா அம்மா மண்டபத்துப் படித்துறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். தர்ப்பணத்துக்கு வந்தவர்கள், குளிக்க வந்தவர்கள் எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து அறைக்கு வந்தான். "முடிஞ்சதுங்க" என்று ஃபாரூக்கின் மேஜைமேல் பென் டிரைவை வைத்துவிட்டு, நாங்கள் அதைத் திறப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டான்.

ஓடவிட்டோம். பரிசல் போகிறது. தண்ணீர் சலசலக்கிறது. பாறையில் மாணிக்கத்தைக் காணோம். எங்கே என்று ஃபாரூக் தேடுகிறான். பரிசலுக்குப் பின்னால் ஒரு குமிழி. அடுத்த நொடி மாணிக்கத்தின் வாய். அவ்வளவுதான். நான் அலறியதில் கீழேயிருந்து மாமா "என்ன ஆச்சு?" என்று குரல் கொடுத்தார். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். எந்தப் பக்கம் போனாலும் மாணிக்கம் அதற்கு முன்பே அங்கே இருந்தது. இவ்வளவு காலம் அந்த முதலையோடு ஒருவன் குடித்தனம் நடத்தியிருக்கிறான். அதற்கு என்னவெல்லாம் தெரியும் என்று அவனுக்குத்தானே தெரியும்!

"இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தான் இத்தனை நாளா?" என்றான் ஃபாரூக். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. குரலில் இல்லை.

பெங்களூர். விமான நிலையம் அளவுக்கு ஒரு கூடம், எங்கு பார்த்தாலும் திரைகள், காது கிழியும் சத்தம். எங்கள் ஸ்டால் ஒரு மூலையில். பக்கத்து ஸ்டாலில் ஆளுயரத் துப்பாக்கி பொம்மை வைத்திருந்தார்கள், அங்கே கூட்டம் அலைமோதியது. எங்களிடம் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், ஆற்றில் இறங்கினார்கள், மாணிக்கத்திடம் மாட்டினார்கள், எழுந்து போனார்கள். எவரும் பாதி ஆற்றைத் தாண்டவில்லை.

பயமுறுத்துவதற்கென்றே அந்த முதலையைச் செய்தவன், விளையாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று எச்சரித்துக்கொண்டிருந்தான். "சார், அந்தப் பாறைகிட்டப் போகாதீங்க. இடது பக்கமா ஒதுங்குங்க சார். ஐயோ, சொன்னேனே!" ஹெட்போன் மாட்டியிருந்தவர்களுக்குக் காதில் விழாது என்பதால் தோளைத் தட்டிச் சொன்னான். ஒவ்வொரு தடவை கடி விழும்போதும் திரும்பி எங்கள் சொந்த போஸ்டரை முறைத்துப் பார்த்தபடி நின்றான். ஃபாரூக் அவனை டீ குடிக்க அனுப்பினான். போன வேகத்தில் திரும்பி வந்தான். "நான் இல்லாதப்ப யாராச்சும் தப்பிச்சாங்களா?" இல்லை என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் ஃபாரூக் கெஞ்சுகிற குரலில், "கொஞ்சம் லேசா கடிக்கச் சொல்லுடா" என்றான்.

"லேசா கடிக்கிற முதலைன்னு ஒண்ணு இல்லைங்க பாய். ஒண்ணு கடிப்பாரு, இல்ல விட்டுடுவாரு."

மறுநாள் காலை, லாட்ஜுக்கு எதிரே ஒரு சின்ன ஹோட்டலில் சண்டை வெடித்தது. சாகாவைத் திட்ட முடியாத கோபத்தையெல்லாம் ஃபாரூக் என்மேல் காட்டினான். நான் வரைந்த தண்ணீர் ரொம்ப அழகாக இருக்கிறதாம். ஜனங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதலையைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறார்களாம். "அழகா வரைஞ்சது தப்பா?" என்று நானும் கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் எங்களைப் பார்த்தார்கள். சாகா தன் தட்டிலிருந்த வடையை எடுத்து ஃபாரூக்கின் தட்டில் வைத்தான். ஃபாரூக் பேச்சு வேகத்தில் அதை எடுத்துக் கடித்தான். அமைதியாயிற்று.

சாகா அவனையே பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பி, "ஏங்க, பாய் ஏன் கத்தறதை நிறுத்தினாரு?" என்று கேட்டான்.

"வாயில வடை இருக்குடா."

"அதாங்க" என்றான். அங்கேயே லேப்டாப்பைத் திறந்துவிட்டான். சப்ளையர் வந்து டேபிளைக் காலி பண்ணச் சொன்னார். எழுந்து, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டே தட்டினான். கை கழுவ வந்தவர்கள் தெளித்த தண்ணீரிலிருந்து லேப்டாப்பைக் காப்பாற்ற நானும் ஃபாரூக்கும், சண்டை போட்டதையே மறந்து, இரண்டு பக்கமும் துண்டு பிடித்தபடி நின்றோம்.

அவன் செய்தது இவ்வளவுதான். மாணிக்கம் பசியோடுதான் வருகிறது, கெட்ட எண்ணத்தோடு இல்லை. எதையாவது கொடுத்தால் எடுத்துக்கொண்டு போய்விடும். பரிசலில் இருப்பதில் எதைத் தூக்கி எறிவது என்பது உங்கள் பாடு. எறிந்தால் தப்பிக்கலாம், ஆனால் எறிந்ததை இழந்துவிட்டுத்தான் அக்கரை போய்ச் சேர வேண்டும்.

அன்று எங்கள் மூலைக்கு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வாழைத்தாரைப் போட்டார்கள். பிறகு தையல் மிஷினை. பிறகு ஆட்டுக்குட்டியா மாப்பிள்ளையா என்ற கட்டம் வந்தது. ஒரு காலேஜ் பெண் கொஞ்சமும் யோசிக்காமல் மாப்பிள்ளையைத் தூக்கிப் போட்டாள். மாணிக்கம் அவரைச் சட்டைக் காலரோடு கவ்வி, நடு ஆற்று மணல் திட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுப் போனது. மாலையும் கழுத்துமாக, சொட்டச் சொட்ட நனைந்து, கன்னத்தில் கை வைத்தபடி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்துக் கூட்டம் ஓவென்று சிரித்தது. துப்பாக்கி ஸ்டாலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அப்படியே இந்தப் பக்கம் நடந்து வந்தார்கள். "மாப்பிள்ளையைப் போடு!" என்று ஒருவர், "ஆட்டைப் போடு, ஆட்டைப் போடு!" என்று இன்னொருவர். ஒரு அம்மா மட்டும் ஆட்டுக்குட்டியைப் போட மனசு வராமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, "என்னால முடியாதுப்பா" என்று எழுந்துவிட்டார். சாகா ஓடிப்போய் அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான்.

மாலையில் ஒரு பெரிய கம்பெனியின் பிரதிநிதி வந்தார். பல தடவை விளையாடினார். எதையும் இழக்காமல் போக முடியுமா என்று பார்த்தார், முடியவில்லை. ஃபாரூக் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினான். அவர் அதை வாங்கிக்கொண்டு, அந்த முதலையைச் செய்தது யார் என்று கேட்டார். சாகாவைக் காட்டினோம். இந்தக் கேமை எடுக்கிற யோசனை இப்போதைக்குத் தங்களுக்கு இல்லை, ஆனால் இவர் தங்களுக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலை ஐரோப்பாவில், வருஷத்தில் பாதி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத ஓர் ஊரில்.

சாகா ஃபாரூக்கின் காதோரம் குனிந்தான். "மாணிக்கத்தையும் கூட்டிட்டு வரலாமான்னு கேளுங்க பாய்."

ஃபாரூக் அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டான். அந்த மனிதர் சிரித்தார், வேடிக்கையாகச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பினோம். கேமை வெளியிட்டோம். விளையாடியவர்கள் கொண்டாடினார்கள், ஆனால் மூன்று வீட்டு அடுப்பு எரிகிற அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இல்லை. அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சாகாவுக்கு மெயில் வந்தபடியே இருந்தது, அவன் பதில் போடாமலே இருந்தான். கடைசியில் ஃபாரூக்தான் பேசினான். அவனுடைய துபாய் டிக்கெட் அப்போது உறுதியாகியிருந்தது.

"டேய், நான் போகத்தான் போறேன். நீ இங்க இருந்து யாரைக் காப்பாத்தப் போறே?"

"யாரையும் இல்லைங்க பாய். சும்மா இப்படியே இருக்கலாம்னுதான்."

"சும்மா இருக்கிறதுக்கு யாருடா வாடகை குடுப்பா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டென்று எழுந்து, டீ கொதிக்கிறதா என்று பார்க்கப் போனேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஃபாரூக் முதலில் போனான். அடுத்து சாகா. திருச்சி விமான நிலைய வாசலில், அவன் அம்மா கட்டிக் கொடுத்த பூவன்பழச் சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பழத்தை உள்ளே விடுவார்களா மாட்டார்களா என்று அவன் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே என்னைத் தனியாக அழைத்து, "மாணிக்கத்தை அப்பப்போ ஓடவிட்டுப் பாருங்க தீபா. கம்ப்யூட்டர்ல புதுசா ஏதாச்சும் அப்டேட் வந்தா சில சமயம் எழுந்திருக்க மாட்டாரு" என்றான்.

"பாத்துக்கிறேன்டா. போயிட்டு வா."

"போயிட்டு வரேங்க."

கண்ணாடிக் கதவுக்குள் போனவன் திரும்பித் திரும்பிப் பார்த்ததில், முன்னால் போன ஒருவரின் பெட்டியில் இடித்துக்கொண்டான். "சாரிங்க" என்று அந்தப் பெட்டியிடம் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

அங்கே அவனுக்குப் போட்டிருக்கிற வேலை என்ன தெரியுமா? யுத்த விளையாட்டு. குண்டு பட்ட சிப்பாய்கள் எப்படி விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததும் போனில் கேட்டேன்: "இன்னைக்கு எத்தனை பேருடா?"

"நிறைய பேரைச் சுட்டாங்க. ஆனா யாருக்கும் பெருசா ஒண்ணும் இல்லைங்க. தவழ்ந்து தவழ்ந்து சுவத்துக்குப் பின்னாடி போயிடற மாதிரி பண்ணிட்டேன். அங்க போயிட்டா கேமரா தொடராது." மேலதிகாரிகள் அதைப் பார்த்து, என்ன தத்ரூபம் என்று பாராட்டினார்களாம். அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இப்போது ஒரு பட்டாளமே உயிரோடு உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருக்கும் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியாது.

நான் திருச்சியிலேயே இருக்கிறேன். எடமலைப்பட்டி புதூரில் வீடு, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் ஓவியம் சொல்லிக் கொடுக்கிற வேலை. எப்போதாவது ஸ்ரீரங்கம் போனால் வடக்குச் சித்திரை வீதி வழியாகத்தான் நடக்கிறேன். அந்த மாடியில் இப்போது ஒரு டியூஷன் சென்டர். வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் கேட்கும். எங்களுக்குள்ளே மனஸ்தாபம் எதுவும் கிடையாது. நினைத்த நேரத்தில் பேசிக்கொள்ளலாம். மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் நன்றாக இருப்பதற்காக மூன்று பேரும் மூன்று ஊரில் இருக்க வேண்டியிருக்கிறது. ஒரே அறையில், ஒருவர் எழுந்து தண்ணீர் குடித்தால் மற்ற இருவருக்கும் தாகம் எடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்த நாட்கள் இனி வரும் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாகா வீடியோவில் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, இல்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆனால் இருவரும் அழைப்பைத் துண்டிப்பதில்லை. அவன் பாட்டுக்கு எதையோ தட்டிக்கொண்டிருப்பான், நான் வரைந்துகொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு, நடுவில் எழுந்து போய் மொட்டை மாடியில் துணி எடுத்து, பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசி, அவனைச் சுத்தமாக மறந்துவிட்டு வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். திரையில் அவன் கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, கட் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?"

"உங்க ரூம்ல ஃபேன் ஓடற சத்தம் கேக்குதுங்க. இங்க யாரு வீட்டுலயும் ஃபேனே கிடையாது. அதான் கேட்டுட்டு இருந்தேன்."

மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஃபேனை நிறுத்துவதில்லை.